லேசர் சொன்ன பெயரும் தொலைபேசியில் சொன்ன பதிலும்

கடைசி மருந்துக் குளிசையை விழுங்கி இரண்டு மாதம் ஆகிறது. மண்ணீரலில் இருந்த கட்டிகள் கரைந்துவிட்டன என்று ஸ்கேன் சொல்கிறது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஞாயிற்றுப் பூசைக்கு வரும் எங்கள் ஆட்களும் சரி, முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரரும் சரி, என்னைக் கண்டால் ஒன்றையே சொல்கிறார்கள். உயிர் தப்பியதுதான் முக்கியம், மற்றதையெல்லாம் விட்டுவிடு.

விட முடியவில்லை. விடக்கூடாது என்றும் நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. அங்கே என்னைப் பிடித்து நடக்க வைத்த தாதிமாரும் இருக்கிறார்கள். ஆனால் நடந்ததைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் றெஜினா. டென்மார்க்குக்கு வந்து முப்பது வருடமாகிறது, அதில் இருபது வருடம் முதியோர் பராமரிப்பில் வேலை. நீரிழிவும் பத்து வருடமாக உண்டு. கணவர் யூட் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். மகள் மெலனிக்கு இருபத்துமூன்று. நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை.

மார்கழியில் என் தம்பியின் மகளுக்கு மன்னாரில் கலியாணம். மூவரும் போனோம். கலியாணத்தன்று விடாத மழை. கோயிலுக்குப் போகும் வழியில் வான் சேற்றில் புதைந்துவிட்டது. பூசைக்குப் பிந்தக்கூடாதென்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, வயல் வெள்ளத்துக்குள் இறங்கி நடந்தோம். முழங்கால் வரை சேறு. என் குதிக்கால் எப்போதும் வெடித்திருக்கும். கொஞ்சம் எரிந்தது. அன்றைக்கு அதை யார் கவனித்தார்கள்? யூட் பின்னால் வந்து சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து இரண்டு வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. குடும்ப வைத்தியர் சளிக்காய்ச்சல் என்றார், ஓய்வெடுக்கச் சொன்னார். பிறகு இருமல் வந்தது. அதன் பிறகு, நான் கட்டிலோடு சேர்ந்து ஆடும் அளவுக்கு நடுக்கம். யூட் என்னைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

முதல் நாள் மட்டும் மூன்று பேர் என்னிடம் விபரம் கேட்டார்கள். வாசலில் ஒரு தாதி, பிறகு ஓர் இளம் வைத்தியர், பிறகு நோயாளர் விடுதியின் பொறுப்பு வைத்தியர். மூவருக்கும் நான் சொன்னேன். டேனிஷில் சொன்னேன். இருபது வருடமாக இந்த மொழியில் வயதானவர்களின் நோய்க் குறிப்பு எழுதுகிறவள் நான். மார்கழியில் இலங்கைக்குப் போனேன், மழை வெள்ளத்துக்குள் நடந்தேன், காலில் வெடிப்பு இருந்தது என்றேன். பொறுப்பு வைத்தியர் கணினியைப் பார்த்தபடியே "ஆம், ஆம்" என்றார். அவர் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. எழுதுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் வெள்ளையாக ஒரு திட்டு. உடனே என்னைத் தனியறைக்கு மாற்றினார்கள். கதவில் எச்சரிக்கைத் தாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் முகமூடி. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்கள் பிறந்த நாட்டில் காசநோய் உண்டு, அதனால் முன்னெச்சரிக்கை" என்றார் தாதி. முன்னெச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். அந்த அறைக்குள் என்னைப் பூட்டும்போது நான் இலங்கையில் பிறந்தவள் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

இரத்தத்தைக் குப்பிகளில் எடுத்துக்கொண்டு போனார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் குப்பிக்குள் வளரும். வளர்ந்தால் கருவி காட்டிக்கொடுக்கும். அதுவரை பெனிசிலின் ஏற்றினார்கள். காய்ச்சல் நாற்பது பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. யூட் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கஞ்சியைச் சுடுபோத்தலில் கொண்டு வருவார். முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, கரண்டியை ஊதி ஊதித் தருவார்.

"முகமூடியோடை ஊதினா எப்பிடியப்பா ஆறும்?" என்று கேட்டேன்.

"நீ வாயைத் திற. ஆறினா என்ன, ஆறாட்டி என்ன."

இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. மிச்சத்தை அவரே குடிப்பார். வீட்டில் தனக்கென்று சமைக்கவில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

நான்காம் நாள் கேட்டேன், இரத்தத்தில் என்ன வந்தது என்று. "ஒரு குப்பியில் ஏதோ வளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து தற்செயலாகக் கலந்த கிருமி. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்றார் பொறுப்பு வைத்தியர். மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் என் இரத்த அழுத்தம் விழுந்தது. கால்கள் குளிர்ந்து, யூட்டின் குரல் தூரத்தில் கேட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனது அரைகுறையாக நினைவிருக்கிறது. அடுத்த மூன்று நாள் எனக்குச் சொந்த நினைவு இல்லை. அங்கே நடந்ததை யூட்டும் மெலனியும் சொல்லித்தான் எழுதுகிறேன்.

ஆறாம் நாள் காலை, விடுதியைச் சேராத ஒரு பெண் வைத்தியர் அந்தப் பிரிவுக்கு நடந்து வந்தார். பெயர் கிர்ஸ்டன். கிருமிகளைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகூடத்தின் வைத்தியர். நோயாளிகளை நேரில் பார்ப்பது அவருடைய வழக்கமில்லை. எனக்கு மூச்சுக்குக் குழாய் போட்டிருந்ததால் யூட்டிடம் கேட்டார்.

"உங்கள் மனைவி அண்மையில் எங்காவது போயிருந்தாரா?"

யூட்டுக்குக் கோபம் வந்துவிட்டதாம். டேனிஷ் பாதி, தமிழ் பாதியாக, "முதல் நாளே சொன்னனாங்களெல்லே!" என்று கத்தியிருக்கிறார். பிறகு கைப்பேசியை எடுத்துக் கலியாணப் படங்களைக் காட்டினார். பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, சேற்றுக் காலோடு, வெள்ளத்துக்கு நடுவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கிர்ஸ்டன் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் கதிரையைத் தள்ளி எழும்பினார். அங்கே நின்ற வைத்தியரிடம், "மருந்தை இப்போதே மாற்றுங்கள். உறுதிப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார் என்று மெலனி இன்றைக்கும் அழுத்திச் சொல்லுகிறாள்.

நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. காலில் புண் இருந்தால் உள்ளே போகும். நீரிழிவுக்காரரைத் தேடிப் பிடிக்கும். நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று கட்டி கட்டியாக உட்காரும். பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஐந்து நாள் என் உடம்புக்குள் ஏற்றியது அந்தக் கிருமிக்குத் தண்ணீர் மாதிரி.

புது மருந்து தொடங்கி ஒன்பது நாளில்தான் காய்ச்சல் விழுந்தது. குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சாதாரண விடுதிக்கு வந்து, கதிரையில் உட்காரத் தொடங்கிய பிறகு, கிர்ஸ்டனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு கேள்விதான் எனக்கு. ஆய்வுகூடத்தில் கிருமியைக் கண்டார்கள் என்றால் ஏன் சொல்லவில்லை?

அவர் வந்தார். மழுப்பவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். சாப்பாட்டு அட்டையின் பின்பக்கத்தில் பேனையால் வரைந்து, அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்.

வளர்ந்த கிருமியில் துளியளவு எடுத்து ஓர் உருக்குத் தட்டில் பூசுவார்கள். அதன் மேல் ஒரு வகை அமிலக் கரைசலில் ஒரு சொட்டு. அது காய்ந்து உப்புக்கல் போலப் பளிங்காகும்போது கிருமியின் புரதங்கள் அந்தப் பளிங்குக்குள் சிக்கிக்கொள்ளும். தட்டைக் காற்றில்லாத ஒரு பெட்டிக்குள் வைத்து லேசரால் அடிப்பார்கள்.

"எரிந்து போகாதா?" என்று கேட்டேன்.

"அதற்குத்தான் அந்த அமிலம். லேசரின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். வெடித்துக் கிளம்பும்போது புரதங்களை உடைக்காமல் தன்னோடு தூக்கிக்கொண்டு போகும். அவற்றுக்கு மின்னேற்றமும் கிடைக்கும். பிறகு ஒரு நீளக் குழாய்க்குள் அவற்றை ஓட விடுவோம். பாரம் குறைந்தவை முதலில் வந்து சேரும், பாரமானவை பிந்தி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து ஒவ்வொன்றின் நிறையும் தெரியும்."

அட்டையில் மேலும் கீழுமாக முட்கள் போலக் கோடுகள் போட்டார். ஒவ்வொரு கிருமிக்கும் இந்த முட்களின் வரிசை வேறுபடும். கைரேகை மாதிரி. கணினியில் ஆயிரக்கணக்கான ரேகைகள் இருக்கின்றன. வந்த ரேகையை அவற்றோடு ஒப்பிட்டு, கருவி சில நிமிடத்தில் பெயரைச் சொல்லிவிடும். முன்பு நாள்கணக்கில் செய்த வேலை.

"அப்படியென்றால் என் கிருமியின் பெயரை ஏன் சொல்லவில்லை?"

"எங்கள் கருவியின் தொகுப்பில் உங்கள் கிருமியின் ரேகை இல்லை. அதனால் மிக நெருங்கிய உறவின் பெயரைச் சொன்னது. தாய்லாந்தின் பெயரைக் கொண்ட ஒரு மண் கிருமி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் அது அநேகமாக யாருக்கும் நோய் தருவதில்லை."

"ஏன் இல்லை?"

பேனையைக் கீழே வைத்தார். "இதை ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்று கருதும் கிருமிகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அப்படியான கிருமிகளின் ரேகைகள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. சில ஆய்வுகூடங்களிடம் மட்டும்தான் அது உண்டு. எங்களிடம் இல்லை. கோபன்ஹேகனுக்கு அனுப்பித்தான் உறுதிப்படுத்தினோம்."

எனக்கு உடம்பில் பலம் இருந்திருந்தால் எழும்பி நின்றிருப்பேன். என் தம்பி வருடா வருடம் கால் வைத்து விதைக்கிற சேறு அது. அவனுக்கு அது வயல், இவர்களுக்கு ஆயுதம். ஆயுதமென்று பயந்து பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த வயலிலிருந்து வந்த மனிதர்கள் இந்த ஊரில் குடியிருப்பது யாருக்கும் நினைவு வரவில்லை. நாங்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போய் வருகிறோம் என்பது யாருக்கும் தெரியாதா?

ஆனாலும் கருவியை நான் திட்டவில்லை. தெரிந்தவரையில் அது உண்மையைச் சொன்னது. ஆசிய மண்ணில் கிடக்கும் ஒரு கிருமி இந்தப் பெண்ணின் இரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னது. அதைக் கேட்ட மனிதர்கள் செய்த காரியம்தான் எனக்கு ஆறவில்லை.

அதைக் கண்டுபிடித்தவள் மெலனி. நோயாளியின் பதிவை இப்போது இணையத்தில் வாசிக்கலாம். என் பதிவை என் அனுமதியோடு அவள் முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா," என்றாள் தமிழில். எப்போதும் டேனிஷில் கதைக்கிற பிள்ளை தமிழுக்கு வந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம். "இதிலை எழுதிக் கிடக்கு, வெளிநாட்டுப் பயணம் இல்லையாம்."

"என்ன?"

"பொய் எழுதியிருக்கினம் அம்மா."

அதற்குக் கீழே, மூன்றாம் நாளில் இன்னொரு குறிப்பு. ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. நோயாளி ஆசியாவுக்குப் போனாரா என்று கேட்கிறார்கள். பதில்: இல்லை, ஹோர்சன்ஸில் வசிப்பவர். குப்பியில் கலந்த கிருமியாகக் கருதப்படுகிறது.

நான் பத்து மீற்றர் தூரத்தில் கட்டிலில் கிடந்தேன். வாய் இருந்தது, நினைவு இருந்தது. ஒருவர் எழும்பி வந்து கதவைத் திறந்து கேட்டிருந்தால் போதும். முகமூடி போட வேண்டும், மேலங்கி போட வேண்டும், அதில் அலுப்பாக இருந்திருக்கும். திரையில் விலாசம் தெரிந்தது. அதை வாசித்துப் பதில் சொல்லிவிட்டார்கள். காசநோய் என்று பயந்தபோது நான் இலங்கைக்காரி. ஆய்வுகூடம் கேட்டபோது ஹோர்சன்ஸ்காரி.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"என்னக்கா கதை இது? இஞ்சை மழைக்குப் பிறகு காய்ச்சலெண்டு போனா, முதல் கேக்கிறதே தண்ணிக்கை இறங்கினியளோ எண்டுதான். எலிக்காய்ச்சலுக்குக் கேக்கிறவை."

"ஓமடா. இஞ்சை கேட்டவை. நான் சொன்னனான். எழுதேல்லை."

நான்கு வாரம் அந்த விடுதியில் இருந்தேன், ஊசி மருந்துக்காக. நரம்புகள் கையில் அகப்படாமல் போய், பிறகு மார்புக்கு மேலே ஒரு குழாய் வைத்தார்கள். மெலனி சனி, ஞாயிறுகளில் வந்து என் தலையைக் கழுவி, பின்னி விடுவாள். பின்னத் தெரியாத பிள்ளை, காணொளி பார்த்துப் பழகியிருந்தாள். யூட் ஒரு நாள் கஞ்சிக்குப் பதிலாக மீன் சொதி கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் முழுக்கக் குடித்தேன். அவர் வெறும் போத்தலை மூடி, திறந்து, திரும்பவும் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நானும் அவரைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வீட்டுக்கு வருவதற்கு முன்தினம் இன்னொருவர் வந்தார். முப்பது வயது இருக்கும் ஒரு பெண், சிவந்த தோல், கழுத்தெல்லாம் தடிப்பு. பெயர் மெத்தே என்றார். ஆய்வுகூடத்தில் என் கிருமியைத் தட்டில் பூசியவர். தொலைபேசி எடுத்துக் கேட்டதும் அவர்தான்.

"கருவி சொன்ன பெயர் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இங்கே வசிக்கும் ஒருவரின் இரத்தத்தில் அது எப்படி வரும்? அதனால்தான் கேட்டேன். இல்லை என்றார்கள். இரண்டாவது முறை எடுத்த குப்பியிலும் அதே பெயர் வந்தபோதுதான் கிர்ஸ்டனிடம் ஓடினேன். தற்செயலாகக் கலப்பது இரண்டு தடவை ஒரே கிருமியாக இருக்காது."

அந்தக் கிருமி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்தானது. தெரிந்திருந்தால் அடைத்த பெட்டிக்குள் வைத்துத்தான் தொட்டிருப்பார்கள். தெரியாததால் மெத்தேயும் இன்னும் இரண்டு பேரும் திறந்த மேசையில் வேலை செய்திருந்தார்கள். மூவருக்கும் மூன்று வாரம் தடுப்பு மருந்து. அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல்தான் மெத்தேயின் கழுத்தில் அந்தத் தடிப்பு.

"என்னை மன்னித்துவிடுங்கள். நான் இன்னொரு தடவை அழைத்திருக்க வேண்டும்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த முழுக் கதையிலும் சரியான கேள்வியை நேரத்தோடு கேட்ட ஒரே ஆள் இவர். இவர் வந்து மன்னிப்புக் கேட்கிறார். தொலைபேசியில் "இல்லை" என்று பதில் சொன்னவர் ஒருநாளும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் குடிக்கத் தந்த குளிசைகளை விழுங்கிக்கொண்டே முறைப்பாடு எழுதினேன். நட்டஈடு கேட்கவில்லை. பதிவில் உள்ள பொய்யைத் திருத்த வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சில வாரத்தில் பதில் வந்தது. தகவல் பரிமாற்றத்தில் சவால்கள் இருந்தமைக்கு வருந்துகிறார்களாம். சவால்கள்! யூட் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு, "விடு றெஜினா, இவங்களோடை கதைச்சு என்ன" என்றார். நான் மறுபடி எழுதினேன். மூன்றாம் கடிதத்துக்குப் பிறகு கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

ஆனி மாதம், வெயில் நன்றாக எறித்த ஒரு நாள். நானும் மெலனியும் போனோம். விடுதியின் தலைமை வைத்தியர், நான் முன்பு கண்டிராதவர், கோப்பி ஊற்றித் தந்தார். இனிமையான மனிதர். "நீங்கள் குணமாகியிருப்பது எங்களுக்கு மிகவும் சந்தோஷம்" என்று தொடங்கினார். சட்டப்படி பதிவில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது, திருத்தத்தைக் கீழே சேர்க்கத்தான் முடியும் என்று விளக்கினார். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன். கிழவி ஒருத்தி சூப்பில் பாதியை விட்டால்கூட நான் எழுதி வைக்க வேண்டும்.

"சேருங்கள்," என்றேன்.

கணினியைத் திறந்து தட்டினார். முடித்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மெலனி என்னோடு சேர்ந்து வாசித்தாள். நோயாளி இலங்கைக்குப் பயணம் செய்ததாகப் பின்னர் தெரிவித்தார் என்றிருந்தது.

"பின்னர் இல்லை," என்றேன்.

"இது ஒரு வழக்கமான சொற்பிரயோகம்…"

"நான் பின்னர் தெரிவிக்கவில்லை. முதல் நாள் தெரிவித்தேன். மூன்று பேரிடம். பின்னர் நான் எதையும் தெரிவிக்க முடியாமல் குழாயோடு கிடந்தேன்."

அவர் மெலனியைப் பார்த்தார், அவள் உதவிக்கு வருவாள் என்று எதிர்பார்த்தவர் போல. மெலனி கைகளைக் கட்டிக்கொண்டு, "அம்மா சொன்ன மாதிரியே எழுதுங்கள்," என்று டேனிஷில் சொன்னாள்.

"உண்மையில் பெரிய வித்தியாசம் இல்லை, றெஜினா."

"அந்த ஒரு சொல்லில்தான் பிழை என்னுடையதாகிறது. எழுதுங்கள்."

பிறகு அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். இரண்டு தட்டு, மூன்று தட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதினார்: அனுமதிக்கப்பட்ட அன்றே நோயாளி மூன்று பணியாளர்களிடம் தன் பயணத்தையும் வெள்ளத்தில் நடந்ததையும் தெரிவித்தார். அது பதியப்படவில்லை. ஆய்வுகூடம் கேட்டபோது நோயாளியிடம் கேட்காமல் பதில் சொல்லப்பட்டது.

"இப்போது சரியா?" என்று கேட்டார்.

"இன்னும் சேமிக்கவில்லை," என்றேன். அவர் சேமிப்பதைப் பார்த்த பிறகுதான் எழும்பினேன்.